வீட்டுப் பட்டறைக்கு மெஷின் வாங்குவதா, இழைப்பகத்துக்கே போவதா?

பட்டறை போட எவ்வளவு ஆகும் என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, “வீட்டுக்குப் பக்கத்தில், மரத்தைக் கூலிக்குக் கிழித்து இழைத்துக் கொடுக்கும் இழைப்பகம் இருக்கிறதா?” என்பதுதான். கையில் எவ்வளவு பணம், அறை எத்தனை அடி, கட்டில் செய்யப்போகிறீர்களா அலமாரி செய்யப்போகிறீர்களா என்பதெல்லாம் அப்புறம். அறுபதாயிரத்தில் முடிகிற பட்டறை இரண்டு லட்சத்தைத் தாண்டுவது பெரும்பாலும் அந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்தது. இது எனக்குத் தெரியவந்தது 55,000 ரூபாய் கொடுத்து ஒரு டேபிள் சா (மேஜை நடுவே வட்ட பிளேடு சுழன்று மரம் அறுக்கும் மெஷின்) வாங்கி, அதை ஒரு வருஷம் துடைத்து வைத்த பிறகு.

என் பட்டறை கோவையில் வீட்டுக்குப் பின்னால் உள்ள 10க்கு 14 அடி ஷெட். பிழைப்பு வேறு, இது ஞாயிற்றுக்கிழமை வேலை. வருஷத்துக்கு மூன்று சாமான் முடிந்தால் அதிகம். ஒரு வருஷம் தேக்குக் கட்டில், ப்ளைவுட் புத்தக அலமாரி, ஒரு டீப்பாய். இன்னொரு வருஷம் ஊஞ்சல் பலகையும் இரண்டு ஸ்டூலும். இந்தக் கட்டுரையில் வரும் விலைகள் நான் கொடுத்தவை, அல்லது நஞ்சப்பா சாலைக் கடைகளிலும் இணையத்திலும் விசாரித்தவை. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து, உருண்டைக் கணக்காகப் போட்டிருக்கிறேன். உங்கள் ஊரில் கொஞ்சம் கூடும், குறையும்.

பணத்தைச் சொல்வதற்கு முன் வேலையைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம். மரத்தை நீளவாக்கில் கிழிக்க வேண்டும். ஒரு முகத்தைச் சமதளமாக்க வேண்டும். மறுமுகத்தை அதற்கு இணையாக இழைத்து, எல்லாத் துண்டும் ஒரே கனத்துக்கு வர வேண்டும். அளவுக்கு வெட்ட வேண்டும். பிறகு ஒன்றுக்குள் ஒன்று செருகும் கழுந்தும் துளையும் எடுத்து, பசை போட்டு இறுக்கி, தேய்த்து, பாலிஷ் போட வேண்டும். இதில் பெரிய மெஷின் கேட்பவை முதல் மூன்றும்தான். மற்றதெல்லாம் கைக்கு அடக்கமான கருவியில் நடக்கும். முதல் மூன்று வேலையை யார் செய்வது என்பதில்தான் ஒரு லட்சத்துக்கும் மேல் பணம் நிற்கிறது.

கையில் பிடிக்கும் கருவிகள்

முதலில் இதன் கணக்கு, ஏனென்றால் மற்ற எந்த வழியில் போனாலும் இதில் முக்கால்வாசியை வாங்கித்தான் ஆக வேண்டும். கையில் பிடித்து ஓட்டும் வட்ட ரம்பமான சர்குலர் சா 8,500. மரத்தில் காடியும் துளையும் குடையும், 12 மில்லி பிட் பிடிக்கும் ரவுட்டர் 9,000. அதன் சின்னத் தம்பியான டிரிம்மர் 4,000. டிரில் 3,000. வட்டமாகச் சுழன்று தேய்க்கும் சாண்டர் 6,000. தூசு உறிஞ்சும் வாக்குவம் 8,000. மோட்டார் உள்ளவை இத்தோடு முடிந்தன: 38,500 ரூபாய்.

மோட்டார் இல்லாதவற்றைத்தான் எல்லோரும் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். உளி செட் 2,000, இழைப்புளி 3,500, சாணைக்கல் 1,500, நல்ல கைவாள் 1,200, மூலைமட்டமும் அளவு நாடாவும் கோடு போடுகிற சாமான்களும் 1,500. பசை காயும் வரை இறுக்கிப் பிடிக்கும் எஃப் கிளாம்பு எட்டு, தலா 600 என்றால் 4,800. நாலடி நீளக் கிளாம்பு நாலு, தலா 1,500 என்றால் 6,000. பிளேடு, ரவுட்டர் பிட், உப்புத்தாள் என்று முதல் தடவையிலேயே 5,000 போய்விடும். இது 25,500. ஆக மொத்தம் 64,000. நூற்றுக்கு நாற்பது ரூபாய் மோட்டார் இல்லாத இரும்புக்குப் போகிறது. “ஐம்பதாயிரம் வைத்திருக்கிறேன், எந்த மெஷின் வாங்கலாம்?” என்று கேட்பவருக்கு நான் முதலில் மெஷினுக்கு முப்பதாயிரம் மட்டும் ஒதுக்கச் சொல்வது இதனால்தான்.

இதில் ஒரு மிச்சம் பிடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. சர்குலர் சா எதற்கு, டைல்ஸ் வெட்டும் நாலு இஞ்ச் கட்டர் மூவாயிரத்துக்குக் கிடைக்கிறதே, அதில் மர பிளேடு மாட்டினால் ஆயிற்று என்று நினைத்தேன். வேலைக்கு வரும் ஆசாரிகள் பாதிப்பேர் அதைத்தான் செய்கிறார்கள். அந்தக் கட்டர் நிமிஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்கு மேல் ஓடுவது. கல்லுக்குச் செய்த மெஷின். பிளேடைத் தானாக மூடும் கீழ்க் கவசம் அதில் கிடையாது. ஈரம் காயாத வேப்பம் பலகையில் பிளேடு இறுகியது, மெஷின் பின்னால் துள்ளித் தொடையில் வந்து விழுந்தது. நாலு தையல். மூவாயிரம் ரூபாய் கட்டரை விட ஆஸ்பத்திரிச் செலவு அதிகம். ஆசாரிகளுக்கு இருபது வருஷக் கைப்பழக்கம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு அது கிடையாது.

சர்குலர் சாவோடு நேரான வழிகாட்டிப் பட்டை ஒன்று வேண்டும். அலுமினிய ரெயில் விலைக்குக் கிடைக்கிறது. நான் மிச்சம் இருந்த 6 மில்லி ப்ளைவுட்டின் மேல் 12 மில்லி பட்டையை ஒட்டி, எட்டடி நீளத்துக்கு ஒன்று செய்துகொண்டேன். ஐந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. ப்ளைவுட்டைத் தரையில் தெர்மாகோல் பலகை மேல் கிடத்தி, பட்டையை இறுக்கி, பிளேடு ஆழத்தை ப்ளைவுட்டின் கனத்துக்கு மேல் கொஞ்சமே வைத்து ஓட்டினால், டேபிள் சா கொடுக்கும் வெட்டுக்குக் குறையாத வெட்டு கிடைக்கிறது.

ரவுட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பட்டியலில் ஒரே ஒரு கருவிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் நான் ரவுட்டரைத்தான் சொல்வேன். கழுந்து, துளை, காடி, ஓர வளைவு எல்லாம் அதில் நடக்கும். ஒரு ப்ளைவுட் பலகையில் துளை போட்டுத் தலைகீழாக மாட்டினால் அதுவே சின்ன மெஷினாகிவிடும்.

இந்த வழியின் குறை ஒன்றுதான், ஆனால் பெரியது. முரட்டு மரத்தை ஒரே கனத்துக்குக் கொண்டுவர முடியாது. கையில் பிடிக்கும் மின் பிளேனர் 82 மில்லி அகலம். அது மரத்தை மெலிதாக்கும், சமமாக்காது. இழைப்புளியால் முடியும். ஆனால் கட்டிலின் நீளச் சட்டங்கள் இரண்டையும் முறுக்கு எடுத்து நாலு பக்கமும் இழைக்க எனக்கு இரண்டு ஞாயிறு ஆனது. தோள் வலி தனி.

மேஜை மெஷின்கள்

இணையத்தில் வரும் காணொளிகளைப் பார்த்துப் பட்டறை ஆசை வந்தவர்கள் எல்லோரும் நேராக இங்கேதான் வருவார்கள். நானும் அப்படித்தான். மேஜை மேல் வைத்துக்கொள்ளும் 10 இஞ்ச் டேபிள் சா 55,000. 12 இஞ்ச் அகலப் பலகையை ஒரே கனத்துக்கு இழைக்கும் திக்னஸ் பிளேனர் 60,000. இரண்டும் சேர்ந்து 1,15,000.

இது விலைச்சீட்டுக் கணக்கு. இந்த இரண்டும் ஓட வேண்டுமானால் என்னென்ன தேவை என்று பாருங்கள். திக்னஸ் பிளேனர் கக்கும் சீவலை வீட்டு வாக்குவம் தாங்காது, குழாய் ஐந்து நிமிஷத்தில் அடைத்துவிடும். பை வைத்த தூசு உறிஞ்சி 22,000. நல்ல பிளேடு இரண்டு, நீளவாக்கில் கிழிக்க 24 பல், ப்ளைவுட்டுக்கு 60 பல், 5,000. மாற்றுக் கத்தி 3,000. வெட்டிய மரம் கீழே விழாமல் தாங்கும் பின்மேஜை, ஸ்டாண்டு எல்லாம் 6,000. தனி வயரிங் 6,000. கூட்டினால் 1,57,000. அதாவது மெஷினுக்கு ஒரு ரூபாய் கொடுத்தால் அதைச் சுற்றி 36 பைசா. முன் சொன்ன 64,000இல் சர்குலர் சாவை மட்டும் கழித்துவிட்டு மற்றதைச் சேர்த்தால் 2,12,500 ரூபாய்.

வயரிங்கை அலட்சியமாக எடுக்காதீர்கள். 1,800 வாட் மெஷின் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8 ஆம்பியர் இழுக்கும். நம் வீட்டுச் சுவரில் ஃபேனுக்கும் போன் சார்ஜருக்கும் இருக்கும் 6 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் பிளக் சூடேறி உருகலாம். தூசு உறிஞ்சியும் கூடவே ஓட வேண்டும். 16 ஆம்பியர் பிளக் இரண்டு, சுமை கூடினால் கரண்ட்டை நிறுத்தும் எம்சிபி தனித்தனியாக, 4 ஸ்கொயர் மில்லி வயர், கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. இது என் எலக்ட்ரீசியன் போட்டுக் கொடுத்தது. கரண்ட் பில் பற்றிப் பயப்பட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை செய்தாலும் மெஷின் உண்மையில் சுற்றுவது ஒரு மணி நேரம்தான். இரண்டு யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

“அமெரிக்காவில் மச்சான் இருக்கிறார், அங்கே பாதி விலை, வரும்போது கொண்டுவரச் சொல்லட்டுமா?” என்று கேட்காதவர்கள் குறைவு. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். கார்பன் பிரஷ் உள்ள மோட்டாருக்கு ஹெர்ட்ஸ் பிரச்சினை இல்லை, ஆனால் இறக்கிக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 1,800 வாட் மெஷினுக்குக் குறைந்தது 2 கேவிஏ, நிம்மதியாக ஓட 3 கேவிஏ. பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டார் என்றால் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், சூடும் அதிகம் ஆகும். சுமைக்கூலியும் சேர்த்தால் பாதி விலை என்பது முழு விலையாகிவிடும். மச்சானிடம் நல்ல உளியும் மூலைமட்டமும் வாங்கிவரச் சொல்லுங்கள்.

இனி இந்த இரண்டு மெஷினையும் பிரித்தே பேச வேண்டும். கடைக்காரர்கள் ஜோடியாக விற்கப் பார்ப்பார்கள். ஆனால் இரண்டின் தேவையும் ஒன்றல்ல.

டேபிள் சா எனக்கு ஏமாற்றம். மெஷின் மேல் மட்டும் குற்றம் இல்லை, இடத்தின் மேலும் குற்றம். எட்டடி ப்ளைவுட்டை நீளவாக்கில் வெட்ட பிளேடுக்கு முன்னால் எட்டடி, பின்னால் எட்டடி வேண்டும். என் ஷெட் 14 அடி. கதவைத் திறந்து வைத்துத் துளசி மாடத்தைத் தொடும்படி ஓட்டினால்தான் உண்டு. 18 மில்லி ப்ளைவுட் ஒரு தாள் முப்பது கிலோவுக்கு மேல். அதை இருபது கிலோ சொச்சம் உள்ள மெஷின் மேல் ஒரு ஆள் தள்ளும்போது மெஷினே நகர்கிறது. அது போக, எனக்கு வந்த மெஷினின் பக்கவேலி, அதாவது மரத்தை ஒட்டித் தள்ளும் நேர்ச்சட்டம், பிளேடுக்கு இணையாக நிற்கவில்லை. பின்பக்கம் ஒரு மில்லி குறுகல். அந்த ஒரு மில்லியில்தான் மரம் பிளேடுக்கும் வேலிக்கும் நடுவே இறுகி, கருகி, பின்னால் எகிறும். சர்வீஸ் சென்டரில் ஒரு மாதம் வைத்திருந்து, “எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது” என்று திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் நானே ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஸ்டீல் ஸ்கேல் வைத்து நேராக்கினேன்.

டேபிள் சா வாங்கியே தீருவேன் என்பவர்கள் ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள்: பிளேடுக்குப் பின்னால், பிளேடோடு சேர்ந்து ஏறி இறங்கும் பிளவுக் கத்தி இருக்க வேண்டும். வெட்டிய மரம் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வாமல் தடுப்பது அதுதான். அதைக் கழற்றி வீசிவிட்டு வேலை செய்யும் காணொளிகளை நம்ப வேண்டாம்.

திக்னஸ் பிளேனர் கதை வேறு. 12 இஞ்ச் அகலப் பலகையை நாலு தடவை உள்ளே விட்டு எடுத்தால், இரண்டு ஞாயிறு வேலை பத்து நிமிஷத்தில் முடிகிறது. ஆனால் அதற்கும் ஒரு குணம் உண்டு: முறுக்கிய பலகையை உள்ளே விட்டால் முறுக்கிய பலகையாகவே, அழகாக இழைத்து வெளியே தள்ளும். அடிப்பக்கம் எப்படி இருக்கிறதோ அப்படியே மேல்பக்கத்தைச் சீவும். ஒரு முகத்தைச் சமமாக்கும் சர்ஃபேஸ் மெஷின் தனியாக வேண்டும் என்பார்கள். தேவையில்லை. நேரான ப்ளைவுட் பலகை ஒன்றின் மேல் மரத்தை வைத்து, ஆடும் மூலைகளுக்கு அடியில் ஆப்பு செருகி, பசையால் நிறுத்தி, பலகையோடு சேர்த்து உள்ளே விடுங்கள். மேல்முகம் சமமானதும் புரட்டிப் போட்டு மறுமுகம். நான் அதற்கும் முன்னால் மேடாக இருக்கும் மூலைகளை இழைப்புளியால் இரண்டு சீவு சீவிவிடுவேன். அந்த வகையில் 60,000 ரூபாய் மெஷின் இரண்டு மெஷினின் வேலையைப் பார்க்கிறது.

சத்தம் மட்டும் தாங்காது. இந்தச் சின்ன மெஷின்களில் இருப்பது மிக்ஸி மோட்டார் ஜாதி. கிரைண்டர் மாதிரி உறுமாது, மிக்ஸி மாதிரி அலறும். காதடைப்பான் எனக்கு இருக்கிறது, பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இல்லை. மதியம் இரண்டிலிருந்து நாலு வரை மெஷின் ஓட்டுவதில்லை என்று நாங்கள் பேசி வைத்திருக்கிறோம். அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் இந்தப் பகுதியை மறந்துவிடலாம்.

வார்ப்பிரும்புக் கூட்டு மெஷின்

குஜராத்திலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வரும் மெஷின் இது. மேலே சர்ஃபேஸ், பக்கவாட்டில் வட்ட ரம்பம், இன்னொரு முனையில் துளை போடும் தலை. சிலவற்றில் திக்னஸ் அமைப்பும் உண்டு. எல்லாம் ஒரே மோட்டாரில், பெல்ட்டில் ஓடும். மோட்டார் இல்லாமல் 75,000 சொன்னார்கள். இரண்டு குதிரைத்திறன் மோட்டார் 10,000. லாரி வாடகையும் இறக்கு கூலியும் 7,000. தரையில் கான்கிரீட் போட்டு போல்ட் இறுக்க 3,000. வயரிங் 6,000. கவசம் எதுவும் வராது, வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ள 4,000. மொத்தம் 1,05,000.

மேஜை மெஷின்களை விட ஐம்பதாயிரம் மலிவு. இண்டக்‌ஷன் மோட்டார் என்பதால் சத்தம் குறைவு, ஆயுசு அதிகம். பேரன் காலம் வரை ஓடும். பேரிங் போனால் கோவையில் எந்தக் கடையிலும் கிடைக்கும், மோட்டார் புகைந்தால் தெருமுனையில் சுற்றிக் கொடுப்பார்கள். கத்தியைச் சாணை பிடித்துப் பிடித்துத் தேயும் வரை வைத்துக்கொள்ளலாம். மேஜை மெஷின் ஒன்றுக்குச் சின்ன பிளாஸ்டிக் கியர் உடைந்தால், அது எங்கிருந்தோ வரும் வரை காத்திருக்க வேண்டும். அந்த வகையில் இதுதான் நம் ஊருக்குப் பொருந்தும் மெஷின்.

அப்படியும் நான் வாங்கவில்லை. இருநூறு கிலோவை ஒரு தடவை வைத்த இடத்திலிருந்து நகர்த்த முடியாது. என் ஷெட்டில் ஸ்கூட்டரும் நிற்க வேண்டும். இரண்டு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது 10 ஆம்பியர்தான், ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். வீட்டுக்கு மும்முனை இணைப்பு இருந்தாலும் ஷெட்டுக்கு வந்திருப்பது ஒருமுனைதான். தெருவில் மின்னழுத்தம் குறையும் மாலை நேரத்தில் மோட்டார் முனகிக்கொண்டு நிற்கும்.

எல்லாவற்றையும் விடப் பயம்தான் காரணம். வட்ட ரம்பத்துக்குப் பிளவுக் கத்தி கிடையாது. ஒரு பக்கம் மரம் இழைக்கும்போது மறுபக்கம் துளைத் தலையும் சுற்றிக்கொண்டே இருக்கும். பழைய மெஷின் வாங்குகிறவர்கள் கத்தித் தலை உருளையாக இருக்கிறதா என்று பாருங்கள். சதுரத் தலை என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். உருளையில் விரல் பட்டால் நுனி போகும், சதுரத்தில் பட்டால் விரலை உள்ளே இழுத்துவிடும். கையுறை, வேட்டி, துண்டு எதுவும் மெஷின் பக்கம் வரக் கூடாது. இதே மெஷினை மாதம் முழுக்க ஓட்டித் தொழில் செய்கிறவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன். வாரத்தில் ஒரு நாள் ஓட்டுகிறவருக்கு மாட்டேன்.

இழைப்பகம்

எங்கள் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டரில் ஒன்று இருக்கிறது. போன கட்டிலுக்குச் சுமார் ஐந்து கன அடி தேக்கு. கிழித்து, சர்ஃபேஸ் போட்டு, கனம் இழைக்க 1,100 ரூபாய். போக வரத் தட்டு ஆட்டோ 800. மொத்தம் 1,900. அலமாரிக்கு இழைப்பு வேலை கிடையாது, டீப்பாய்க்குக் கொஞ்சம்தான். வருஷத்துக்கு எப்படிப் பார்த்தாலும் 5,000 தாண்டாது. மேஜை மெஷினுக்குப் போகும் 1,57,000ஐ இதால் வகுத்துப் பாருங்கள். 31 வருஷம். எனக்கு அதற்குள் எண்பது தாண்டிவிடும்.

இந்தக் கணக்கைப் பார்த்து என் மனைவி, “அப்படிப் பார்த்தால் கடையில் கட்டில் வாங்குவதே லாபம்” என்றாள். அதுவும் சரி. இங்கே லாபத்தைப் பற்றி நான் பேசவில்லை, எந்தச் செலவு சந்தோஷத்துக்கு, எந்தச் செலவு வெறும் இரும்புக்கு என்று பிரித்துப் பார்க்கிறேன். முரட்டு மரத்தைச் சீவுவதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. கழுந்து இறுக்கமாகப் போய் உட்காரும்போது இருக்கிறது. ஆகவே சீவுவதை விட்டுக்கொடுக்கிறேன்.

இழைப்பகத்திடம் வேலை வாங்கவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். சும்மா மரத்தைக் கொடுத்தால் நேராகத் திக்னஸ் மெஷினில் விட்டுத் தள்ளிவிடுவார்கள், முறுக்கு அப்படியே இருக்கும். “ஒரு முகமும் ஒரு ஓரமும் சர்ஃபேஸ் போட்டு, மூலைமட்டம் பார்த்துவிட்டு, அப்புறம் கனம்” என்று சொல்லி, பக்கத்தில் நிற்க வேண்டும். கல்யாண சீசனுக்கு முன்னால் கட்டில் வேலை குவிந்திருக்கும், போகாதீர்கள். மத்தியான நேரத்தில், டீ வாங்கிக் கொடுத்து, கத்தி புதிதாக மாட்டிய நாளாகப் பார்த்துப் போனால் வேலை சுத்தமாக இருக்கும்.

ஒரே நாளில் கடைசி அளவுக்கு இழைக்கவும் விடாதீர்கள். மரத்தின் மேல்தோலைச் சீவியதும் உள்ளே உள்ள ஈரமும் இறுக்கமும் வெளிப்பட்டு மறுபடி வளையும். மூன்று மில்லி கூடுதலாக விட்டு வாங்கி வந்து, இரண்டு வாரம் காற்றோட்டமாக அடுக்கி வைத்து, பிறகு கடைசி இழைப்பு. இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு ஈரமானி வாங்கினால் இந்த யூகமெல்லாம் மிச்சம். ஈரம் 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகு நான் கை வைக்கிறேன். ஆனால் இதற்காக இரண்டு நடை ஆட்டோ. வீட்டிலேயே மெஷின் இருப்பவருக்கு இந்த அலைச்சல் இல்லை.

இழைப்பகம் கைவிடும் இடம் ஒன்று உண்டு. பழைய மரம். காரைக்குடிப் பக்கம் இடித்த வீடுகளிலிருந்து வரும் பர்மா தேக்கு உத்தரமும் நிலையும் கிடைத்தால், அதைப் போன்ற மரம் இன்று எந்தக் காசுக்கும் புதிதாக வராது. ஆனால் எந்த இழைப்பகத்திலும் அதை மெஷினுக்குள் விட மாட்டார்கள். உள்ளே ஒரு துருப்பிடித்த ஆணி இருந்தால் கத்தி முழுக்கப் பல் போய்விடும், அன்றைய வியாபாரமே நின்றுவிடும். அவர்கள் மேல் தப்பில்லை. சின்னத் துண்டுகளுக்கும் இதே கதி. ஒரு அடிக்குக் குறைந்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

சரி, யாருக்கு எது?

ப்ளைவுட் அலமாரி, டிவி ஸ்டாண்டு, சமையலறைக் கப்போர்டு என்று மட்டும் செய்யப்போகிறவருக்கு முதலில் சொன்ன கைக்கருவிகளே போதும். 64,000இல் நிறுத்திக்கொள்ளலாம். டேபிள் சாவும் வேண்டாம், திக்னஸ் பிளேனரும் வேண்டாம். ப்ளைவுட் ஏற்கெனவே சமதளமாக, ஒரே கனமாக வருகிறது. அதற்காகத்தான் அந்த விலை கொடுக்கிறோம்.

செங்கோட்டை மாதிரி, தெருவுக்கு ஒரு மர மில் இருக்கும் ஊர்க்காரர் முழு மரத்தில் வேலை செய்தாலும் அதே 64,000தான். மிச்சமாகிற பணத்தில் நல்ல கிளாம்பும் நல்ல சாணைக்கல்லும் வாங்கிக்கொள்ளட்டும்.

இழைப்பகம் இருபது கிலோமீட்டருக்கு அப்பால், அல்லது பழைய மரத்தின் மேல் ஆசை என்றால் திக்னஸ் பிளேனரை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெஷின் 60,000, தூசு உறிஞ்சி 22,000, கத்தி 3,000, வயரிங் 6,000. மேலே சொன்ன 64,000உம் சேர்த்தால் 1,55,000. நீளவாக்கில் கிழிப்பதைச் சர்குலர் சா பார்த்துக்கொள்ளும். ஆணி தேடச் சின்ன உலோகம் காட்டும் கருவி ஒன்று கட்டாயம்.

தூசு உறிஞ்சியில் மட்டும் யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995இலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்துவிட்டது. சீவல் பிரச்சினை இல்லை, அது தரையில் விழும். சாண்டரிலிருந்து வரும், கண்ணுக்குத் தெரியாத தூள்தான் மூக்கு வழியாகப் போகிறது. தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொடுக்கும். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்வது பாவனைதான். என்95 முகக்கவசமாவது வேண்டும்.

என் டேபிள் சாவை மூன்றாம் வருஷம் 32,000க்கு விற்றேன். வாங்கிக்கொண்டு போனவர் போட்டோ ஃபிரேம் செய்கிறவர். ஒரே அளவில் நூறு பட்டை கிழிக்க வேண்டிய அவருக்கு அது சரியான மெஷின். அந்தப் பணத்தோடு கையிலிருந்து போட்டுத் திக்னஸ் பிளேனர் வாங்கினேன். இழைப்பகம் மூன்று கிலோமீட்டரில் இருந்தும் ஏன் வாங்கினாய் என்று கேட்டால், மாமனார் வீட்டை இடித்தபோது வந்த பதினாறு பழைய உத்தரங்கள் ஷெட் ஓரமாக அடுக்கிக் கிடக்கின்றன. இதுவரை ஆறு இழைத்திருக்கிறேன். நாற்பத்து மூன்று ஆணி.